யாருக்குச் சர்க்கரை?

பைரிகி, தராவா
9 மார்ச் 1997

பகோவா,

"வந்து சேர்ந்துட்டேன்னு அப்பாவுக்கு ஒரு வரி எழுதிப் போடும்மா, பாவம்" என்று கேவா நச்சரித்ததால் எழுதுகிறேன். வந்து சேர்ந்துவிட்டேன். கப்பலில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. ஒரு வரி முடிந்தது.

மீதியையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தொண்டையிலேயே நிற்கும்.

மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறாள் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருப்பாய். சொல்லிக்கொள். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் இப்போதே கப்பலேறியது உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான்.

தராவாவிலிருந்து வந்த வைத்தியக் குழு ஊர்க்கூடத்தில் மேசை போட்டு ஒவ்வொருவர் விரலாகக் குத்திப் பார்த்தபோது, பாகு காய்ச்சுகிற அடுப்பை விட்டு வரமாட்டேன் என்றாய். நான்தான் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மிஷினில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இவ்ளோ சர்க்கரையை வச்சுக்கிட்டு எப்படி நடமாடுறீங்க? தராவாவுக்கு வந்து ஒழுங்கா ஒரு தடவை பாத்துருங்க" என்றாள். நீ என்ன சொன்னாய்? "நடக்குறது என்ன, மரமே ஏறுறேன். வர்றியா, பாக்குறியா?" கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

பதநீரை விட்டுவிடு, பாகை விட்டுவிடு என்று அன்றைக்கு உன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். மறுநாள் விடிந்ததும் தென்னை உச்சியில் உட்கார்ந்து என்றைக்கும் இல்லாத சத்தத்தில் பாடினாய். பாளை சீவுகிறவர்கள் பாடுவார்கள், தெரியும். ஆனால் அன்றைக்கு நீ பாடியது தென்னைக்காக இல்லை. எனக்காக. நான் பாயைச் சுருட்டினேன்.

என் அண்ணன் யோதெபாவும் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் சிரித்தான். முதலில் கால் விரல் போனது. அப்புறம் பாதம். அப்புறம் கண். கடைசியில் யார் கரண்டி பிடித்து ஊட்டினார்கள் என்பது உனக்குத் தெரியும். இன்னொரு ஆளுக்கு ஊட்ட என் கையில் தெம்பு இல்லை.

இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காலையில் ரொட்டி, இனிப்பாக டீ. மத்தியானம் வெள்ளைச் சோறும் டப்பா மாட்டிறைச்சியும். உன் பதநீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. நிம்மதியாக இருக்கிறது.

நீ அதை விட்டால் நான் வருவேன். விடாவிட்டால் வரமாட்டேன். அவ்வளவுதான்.

தெராக்கா

*

தபியாங், அபெமாமா
23 மார்ச் 1997

என் கோபக்காரி தெராக்காவுக்கு,

மவுரி! நம் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் 'நலமாயிரு' என்று சொல்லிவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவோம். நீ அதைக்கூட எழுதவில்லை. போகட்டும்.

நீ போன பிறகு எனக்குப் புதுப் பேர் வந்திருக்கிறது, பாகுமனிதன். அந்த மிஷின் சொன்ன எண்ணை ஊரில் எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். முந்தாநாள் படகுத் துறையில் நம் கபுரோரோ என்னைப் பிடித்துக்கொண்டான். "பகோவா, என் டீயில சர்க்கரை பத்தல. உன் விரலை விட்டு ஒரு கலக்குக் கலக்கிட்டுப் போயேன்" என்கிறான். நானும் விரலை விட்டேன். "ஆ, இனிக்குதுடா!" என்று மொத்தத்தையும் ஒரே மூச்சில் குடித்தான். சூடு ஆறாத டீ. நாக்கு வெந்து இன்றைக்குத்தான் பேசுகிறான்.

சிரித்தாயா? சிரித்திருக்க மாட்டாய்.

சரி, நானும் ஒன்று கேட்கிறேன். பதநீர் என்றைக்கு நஞ்சாயிற்று? நீ பிறந்தபோது உன் அம்மாவுக்குப் பால் வராமல், பதநீரில் தண்ணீர் கலந்து உன் வாயில் விட்டார்கள். அதைக் குடித்துத்தான் இப்படி என்னைத் திட்டுகிற நெஞ்சுரம் உனக்கு வந்தது. நெல் விளையாத மணல் இது. ஆரஞ்சு கிடையாது, தக்காளி கிடையாது. மீன், தேங்காய், குழிச் சேம்பு, தாழம்பழம், இந்தப் பதநீர், இவற்றை வைத்துத்தானே இத்தனை தலைமுறை பல் விழாமல், எலும்பு வளையாமல் வந்திருக்கிறோம்? யோதெபா பதநீரால் போகவில்லை. அவன் படகில் எப்போதும் என்ன இருக்கும்? சர்க்கரை மூட்டையும் பிஸ்கட் டின்னும். இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒன்றும் இல்லை. காலில் புண் இல்லை. தாகம் இல்லை. கண்ணும் சரிதான், கிழக்குப் பாறையில் நிற்கிற ஒற்றைக் கொக்கு இங்கிருந்து தெரிகிறது.

கேவாவுக்கு ஒரு பாட்டில் பாகு கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிள்ளை பெற்றதும் தண்ணீரில் கலந்து குடிக்கட்டும். நீ தொடவேண்டாம். உனக்கென்று இளநீர்க் காய்களும் காய்ந்த மீனும் தனிச் சாக்கில் இருக்கின்றன. காய்களுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, அவை மரத்தில் தானாகக் காய்த்தவை, ஆகையால் நீ அவற்றோடு கோபித்துக்கொள்ளக் காரணமில்லை.

வீட்டில் திட்ட ஆளில்லாமல் பன்றிகூடச் சோர்ந்து படுத்திருக்கிறது.

பகோவா

*

பைரிகி
27 ஏப்ரல் 1997

பகோவா,

மவுரி. எழுதிவிட்டேன், திருப்தியா?

பெண் குழந்தை. சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டாள். தலை நிறைய முடி. உன் காது. பாவம், வளர்ந்தால் சரியாகும் என்று நர்ஸ் சொல்கிறாள். மாப்பிள்ளை யோவானேவின் கப்பல் எந்தக் கடலில் இருக்கிறதோ, செய்தி அனுப்பியிருக்கிறோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். முதலில் அதற்கு நன்றி சொல்.

ஆனால் கேவா சரியாக இல்லை. முகம் வெளுத்துக் கிடக்கிறது. பல் விளக்கினால் ஈறில் ரத்தம். வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போனால் உட்கார்ந்துவிடுகிறாள். ஆஸ்பத்திரியில் அரோபா என்று ஒரு நர்ஸ், நம் ஊர்ப்பக்கத்துப் பெண். அவள் கேட்டாள், "தினமும் என்ன சாப்பிடுற?" கேவா சொன்னாள், "சோறு, நூடுல்ஸ், டீ, பிஸ்கட்." "அப்புறம்?" "அப்புறம் ஒண்ணும் இல்லயே." "மீன்? பப்பாளி? பூசணி? கீரை? பதநீர்?" என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அரோபா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ தலைகால் புரியாமல் ஆடக்கூடாது. "மரத்துலேருந்து இறக்கின உடனே குடிக்கிற பதநீர்ல ஈறுக்கு வேண்டிய சத்து இருக்கும்மா. அதுக்காக நாள் முழுக்கக் குடிக்கக் கூடாது. காய்ச்சிப் பாகாக்கிட்டா அந்தச் சத்துல பெரும்பகுதி போயிடும், இனிப்புதான் மிஞ்சும். புளிக்கவிட்டா அது கள்ளு. ஒரே மரம், ஒரே பாளை, ஆனா மூணும் வேற வேற."

ஆகவே உன் பாகு பாட்டிலை நான் ஒளித்துவைத்தது தப்பில்லை. இளநீரை உடைத்து அவளுக்குக் கொடுத்தேன். வழுக்கையைச் சுரண்டி நான் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

இந்த வளவில் இரண்டு தென்னைகள் நிற்கின்றன. ஏற ஆளில்லை. இங்கே இளவட்டங்கள் எல்லாம் ஆபீசுக்கும் கப்பலுக்கும் போகிறார்கள். டீத்தூளுக்கும் சர்க்கரைக்கும் மரம் ஏற வேண்டாம், கடைக்கு நடந்தால் போதும்.

இங்கத்திய கிணற்றுத் தண்ணீர் உப்பு. எனக்கு எந்நேரமும் தாகமாக இருக்கிறது. டீயாகப் போட்டுக் குடித்தால்தான் இறங்குகிறது. எத்தனை கோப்பை என்று கேவா எண்ணத் தொடங்கிவிட்டாள். அவள் உன் மகள்தான்.

நீ விட்டாயா இல்லையா என்று உன் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கொக்கைப் பற்றி மட்டும் இருக்கிறது.

தெராக்கா

*

தபியாங்
11 மே 1997

தெராக்கா,

மவுரி, மவுரி, மவுரி. ஒன்று உனக்கு, ஒன்று கேவாவுக்கு, ஒன்று என் காதுகளை வாங்கிக்கொண்டு வந்தவளுக்கு. ஊர்க்கூடத்தில் எழுந்து நின்று சொன்னேன். கபுரோரோ, "காது மட்டுந்தானே? வாய் வரலையே?" என்று கேட்டான். ஆண்டவனுக்கு நன்றி என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

நீ கேட்டதற்குப் பதில்: விட்டுவிட்டேன்.

உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கே விட்டேன். சொன்னால் நீ ஜெயித்ததாக ஆகிவிடும் என்று மறைத்தேன். யோதெபாவுக்கு நீ ஊட்டியதை எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்த பிறகு சிரட்டையை வாய்க்குக் கொண்டுபோனால் கை நின்றுவிடுகிறது. மரங்களைக் கபுரோரோவிடம் விட்டிருக்கிறேன். அவன் பாளையைச் சீவுகிற லட்சணத்தைப் பார்த்தால் அழுகை வருகிறது. சீவுகிறானா, மீன் வெட்டுகிறானா தெரியவில்லை. பாட்டும் பாதியில் மறந்துபோகிறான். நான் கீழே நின்று எடுத்துக்கொடுக்கிறேன்.

பதநீருக்குப் பதிலாக டீ குடித்தேன். கசந்தது, சர்க்கரை போட்டேன். இன்னும் கசந்தது, இன்னும் போட்டேன். ஒருநாள் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற உரியாம் அதைப் பார்த்துவிட்டார். "என்ன பண்றீங்க?" என்றார். "சர்க்கரை வந்துருச்சுன்னு பதநீரை விட்டுட்டேன்" என்றேன். மனிதர் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். "பெரியவரே, வாசலை அடைச்சுட்டு ஜன்னல் வழியா திருடனைக் கூப்பிடுறீங்க" என்றார். டீயையும் விட்டேன். இப்போது வெந்நீர். உலகத்தில் இதைவிடச் சோகமான பானம் இருந்தால் எழுது.

கேவாவின் ஈறு பற்றி எழுதியது என்னைக் குடைகிறது. இங்கிருந்து பதநீர் அனுப்ப முடியாது. கப்பல் ஏறும்போது பதநீர், இறங்கும்போது கள். அந்த இரண்டு தென்னைகள் எப்படி, உயரமா? பாளை வெளியே வந்திருக்கிறதா? சும்மா கேட்கிறேன். தராவா மண்ணை மிதிக்க மாட்டேன் என்று நான் சொன்னது சொன்னதுதான். அங்கே கடலைப் பார்த்தால் டின்கள் மிதக்கின்றன.

உனக்குத் தாகம் என்று எழுதியிருக்கிறாய். உப்புத் தண்ணீர்தான் காரணமா? காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று இங்கிருக்கும்போதே ஒரு தடவை சொன்னாய். நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். எதற்கும் அந்த நர்ஸிடம் ஒரு வார்த்தை கேள்.

வெந்நீர்க்காரன்,
பகோவா

*

பைரிகி
1 ஜூன் 1997

பகோவா,

இதைக் கேவா தூங்கும்போது எழுதுகிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தோம். அன்றைக்கு வந்திருந்த வயதானவர்களுக்கெல்லாம் அரோபா விரல் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கேட்கச் சொன்னாயே என்றுதான் வரிசையில் நின்றேன். நம் ஊரில் அந்தக் குழு வந்த அன்றைக்கு உன்னைக் காட்டிய பிறகு நான் அவர்களுக்குச் சமைக்கப் போய்விட்டேன், நினைவிருக்கிறதா? என் முறை வருவதற்குள் மிஷினில் செருகுகிற சோதனைப் பட்டைகள் தீர்ந்துவிட்டன. எனக்கென்ன, வீட்டில் சர்க்கரைக்காரன் நீதானே என்று விட்டுவிட்டேன்.

அரோபா என் கையைப் பார்த்துவிட்டு, "போய் சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்கம்மா" என்றாள். "சுத்தமாத்தானே இருக்கு?" என்றேன். "பப்பாளி நறுக்கினேன்னு சொன்னீங்கல்ல? விரல்ல இனிப்பு ஒட்டியிருந்தா மிஷின் அதையும் சேத்துப் படிச்சிடும். உடம்புல இல்லாத சர்க்கரையெல்லாம் இருக்குன்னு சொல்லும்."

குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. எனக்குப் பின்னால் நின்றவள், "தண்ணி வீணாகுதுக்கா" என்று சொன்ன பிறகுதான் மூடினேன்.

பாகு கிளறிக்கொண்டிருந்த உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது நான். கழுவக்கூட விடாமல். உன் விரல்கள் என் விரல்களோடு ஒட்டிப் பிரிந்தது இப்போதும் என் கையில் இருக்கிறது. அந்த எண் உன்னுடையதா, பாகினுடையதா?

கழுவிய கையோடு போனேன். எனக்கு வந்த எண் என்னுடையதுதான், பகோவா. மிகவும் அதிகம். மறுநாள் வெறும் வயிற்றில் வரச்சொல்லி இன்னொரு முறையும் பார்த்தார்கள். அப்போதும் அப்படியே.

அரோபா நல்லவள். திட்டவில்லை. "இது இங்க வந்ததால வந்ததில்ல. முன்னாடியே இருந்திருக்கும். இங்க வந்து டீயும் சோறுமா ஏத்தி விட்டுட்டீங்க" என்றாள். மாத்திரை கொடுத்திருக்கிறாள். நான் கேட்டேன், "தேங்காயைத் தொடக் கூடாதா?" அவள் சிரித்தாள். "தேங்காய் என்னம்மா பாவம் பண்ணுச்சு? மீன்ல கொஞ்சம் பால் ஊத்துங்க. ஆனா கொழுப்பு அது. மீன்லயும் ஊத்தி, சேம்புலயும் ஊத்தி, சோத்துலயும் ஊத்தாதீங்க. இளநீர் எப்பவாச்சும் ஒண்ணு, தாகத்துக்கெல்லாம் அதையே குடிக்கக் கூடாது. தாகத்துக்குத் தண்ணி. பாகு வேணாம். டீயில சர்க்கரை வேணவே வேணாம்."

நான் பயப்படுகிறேன். அண்ணனின் கால் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. உன்னைப் பயமுறுத்தத்தான் அன்றைக்கு அதை எழுதினேன். இப்போது அது என்னைப் பார்க்கிறது.

நீ கையை நன்றாகக் கழுவிக்கொண்டு ஒரு முறை சோதித்துப் பார். அங்கே மிஷின் இல்லை என்று தெரியும். அதனால்தான் கேட்கிறேன், வருவாயா? உன் விரலுக்காக மட்டும். வேறொன்றுக்கும் இல்லை.

தெராக்கா

*

தபியாங்
8 ஜூன் 1997

தெராக்கா,

இந்தக் கடிதம் விமானத்தில் வருகிறது. நான் அதற்கு அடுத்த கப்பலில் வருகிறேன். விமானத்தில் என் சாக்கை ஏற்ற மாட்டார்களாம். பன்றி கபுரோரோவிடம் இருக்கும்.

என் விரலுக்காக என்றால் நான் தராவாவுக்கு வரமாட்டேன். என் விரல் எக்கேடு கெட்டாலும் போகட்டும். உன் விரலுக்காக வருகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உரியாமிடம் போனேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து விளக்கினார். கால் போவது விதி இல்லையாம். யோதெபா மாத்திரையைத் தூக்கிப் போட்டான், புண்ணை மூன்று மாதம் மறைத்தான், பிஸ்கட்டை விடவில்லை. "உங்க சம்சாரத்துக்கு முன்கூட்டியே தெரிஞ்சுபோச்சு. அது நல்ல சேதி, பெரியவரே. மாத்திரை, நடை, சாப்பாடு, தினமும் ராத்திரி பாதத்தைத் தடவிப் பாக்குறது. அவ்வளவுதான். பேரனுக்குப் பேரன் பாப்பாங்க" என்றார். பாதத்தைத் தடவிப் பார்க்கிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பாகு ஒட்டிய கையைப் பற்றி உன்னை நீயே நொந்துகொள்ளாதே. உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. அன்றைக்கு மேசைக்குப் போகிற வழியில் அந்த விரலை ஒருமுறை நக்கினேன். பதம் எப்படி என்று பார்க்க. பதம் சரியாக இருந்தது. ஆகவே பாதி சுத்தம் செய்துதான் நீட்டினேன்.

சாக்கில் என்னென்ன வருகிறது என்று சொல்கிறேன், கேவாவிடம் சொல்லிவை: காய்ந்த மீன், சேம்பு, முற்றிய தேங்காய், பூசணி, ஒரு கீரைத் தண்டுக் கட்டு. அதை நட்டால் மணலிலும் பிடிக்குமாம், உரியாம் கொடுத்தார். பாகு இல்லை. பாளைக் கத்தி இருக்கிறது.

அந்த இரண்டு தென்னைகளின் அடியைச் சுத்தம் செய்து வை. ஓலை, டின், உடைந்த கண்ணாடி எதுவும் கிடக்கக் கூடாது. மேலிருந்து இறங்கும்போது எனக்குக் கீழே பார்க்கிற வழக்கம் இல்லை.

பகோவா

*

தபியாங்
14 செப்டம்பர் 1997

தெராக்கா,

மவுரி. உங்களோடு அத்தனை நாள் இருந்துவிட்டுப் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். பன்றி என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கபுரோரோ அதற்கு ரொட்டி போட்டுப் பழக்கியிருக்கிறான். அது இப்போது தேங்காய்த் துருவலை முகர்ந்துவிட்டு என்னைப் பார்க்கிறது. நோய் எங்கேயெல்லாம் பரவுகிறது பார்.

நீ என்னோடு கப்பலேறாமல் துறையில் நின்றாயே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அடுத்த தடவை ரத்தம் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்றாய். சரி. அரோபாவும் அதைத்தான் சொன்னாள். சரி. எனக்குத் தோப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. சரி. எல்லாம் சரிதான், ஆனால் நீ துறையில் அழாமல் நின்றது மட்டும் சரியில்லை.

ஊரில் இறங்கியதும் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "எண் என்ன?" ஊர்க்கூடத்தில் எழுந்து சொன்னேன். சோப்பு போட்டு, மண் போட்டு, மறுபடி சோப்பு போட்டு நான் கழுவியதையும், "பெரியவரே, போதும், தோல் உரிஞ்சிடும்" என்று அரோபா கையைப் பிடித்து நிறுத்தியதையும் சொன்னேன். சர்க்கரை இல்லை என்றதும் கபுரோரோவின் முகம் வாடிவிட்டது. பாகுமனிதன் என்று இனிமேல் கூப்பிட முடியாதே. "எல்லைக் கோட்டுப் பக்கத்துல நிக்கிறீங்க, ரொம்பக் குதிக்காதீங்க" என்று அவள் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். நான் இப்போது காலையில் ஒரு சிரட்டை, அதோடு சரி. பாகு காய்ச்சுகிறேன், விருந்துக்கு மட்டும். டீ இல்லை. வெந்நீரும் இல்லை, அந்தத் தண்டனை முடிந்தது.

கேவா நன்றாகத் தேறியிருக்கிறாளா? நான் கிளம்பும்போது ஈறில் ரத்தம் நின்றிருந்தது. அந்த வளவுத் தென்னையில் நான் முதல் தடவை ஏறிப் பாடியது நினைவிருக்கிறதா? ஆபீசுக்குப் போகிற கூட்டம் சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தது. "யாருய்யா அது, ரேடியோவை மரத்துல கட்டி வச்சிருக்கிறது?" என்று ஒருவன் கேட்டான். அடுத்த வாரம் அவனே சிரட்டையோடு வந்து நின்றான், பெண்டாட்டி கர்ப்பமாம். அவன் தம்பி ஒருவனுக்கு ஏறக் கற்றுக்கொடுத்தேன் என்று உனக்குத் தெரியும். அவன் இன்னும் ஏறுகிறானா, இல்லை அதற்குள் ஆபீசில் வேலை கிடைத்துவிட்டதா?

நீயும் நானும் அங்கே காலையில் கடற்பாலத்து ஓரமாக நடப்போமே, இங்கே அந்த நேரத்துக்குக் கால் தானாக எழுந்துகொள்கிறது. தனியாக நடந்தேன். யாரும் என் நடை வேகத்தைக் குறை சொல்லவில்லை. பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

உன் பாதத்தை இப்போது யார் பார்க்கிறார்கள்? கேவாவுக்குக் குழந்தையே போதும். கண்ணாடியைத் தரையில் வைத்து நீயே பார். அடியில், விரல் இடுக்கில். மறந்துவிடாதே.

பகோவா

*

பைரிகி
2 நவம்பர் 1997

பகோவா,

மவுரி.

அன்றைக்குத் துறையில் நான் அழாமல் நிற்கவில்லை. உன் கப்பல் திரும்பிய பிறகு கேவாவின் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அதை நீ பார்த்திருந்தால் கடலில் குதித்து நீந்தி வந்திருப்பாய், அதனால்தான் காத்திருந்தேன். இப்போது கோபத்தை ஆற்றிக்கொள்.

அரோபா நேற்று ரத்தம் பார்த்தாள். எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டாள். ஊர்க்கூடத்தில் உனக்கும் இப்படித்தான் கூப்பிட்டார்கள். வந்தவளிடம், "இந்த அம்மாவைப் பாரு, ஜூன்ல எப்படி இருந்தாங்க, இப்ப எப்படி இருக்காங்க" என்று காட்டினாள். முழுக்கச் சரியாகிவிடவில்லை. மாத்திரை தொடரும். ஆனால் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. "என்னம்மா பண்ணுனீங்க?" என்று கேட்டாள். "நீங்க சொன்னதைத்தான்" என்றேன். "எல்லாருக்குந்தான் சொல்றேன்" என்றாள். அப்புறம் அவளே, "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தரை எல்லாருக்கும் மாத்திரையோட சேத்துக் குடுக்க முடியாதே" என்றாள். உன் தலையில் ஏறிவிடும் என்று இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

அபெமாமா டிஸ்பென்சரிக்கு என் மாத்திரையை அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழு வரும்போது ரத்தம் பார்ப்பார்கள். பாதத்தில் கீறல்கூட இல்லை. எறும்பு ஊர்வதும் குறைந்திருக்கிறது. கண்ணாடி வைத்துப் பார்த்தேன், நீ சொன்னபடி. என் பாதம் இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் நீ சொன்னதே இல்லை.

இங்கே அந்த ஆபீஸ்காரரின் தம்பி இன்னும் ஏறுகிறான். பாட்டு மட்டும் வரவில்லை, விசில் அடிக்கிறான். கேவா கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. கீரை தழைத்து வேலிக்கு வெளியே போய்விட்டது, பக்கத்து வீட்டுக்காரி பறித்துக்கொள்கிறாள். நானும் சோறு சாப்பிடுகிறேன், கை நிறைய இல்லை, கை குழியத்தான். மீன்தான் நிறைய. டீ சர்க்கரை இல்லாமல். முதல் வாரம் அது மருந்து. இப்போது யாராவது சர்க்கரை போட்டுக் கொடுத்தால் வாய் கூசுகிறது. என்னாலேயே நம்ப முடியவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். தனியாக இல்லை. யோவானே ஜனவரியில்தான் திரும்புவானாம், அதுவரைக்கும் கேவாவும் குழந்தையும் நம்மோடு இருப்பார்கள். கூரை ஓலையை மாற்றிவிடு. பன்றிக்கு ரொட்டியை நிறுத்து. ஊர்க்கூடத்தில் என் எண்ணைச் சொல்லாதே, நானே எழுந்து நின்று சொல்லப்போகிறேன். என்னைப் போல எத்தனை பெண்கள் அன்றைக்கு விரலை நீட்டாமல் சமைத்துக்கொண்டே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. குழந்தைக்கு வேறு உணவு தொடங்கலாம் என்று அரோபா சொன்னாள். கேவா கடையில் விற்கிற டப்பா மாவைக் கரைத்துக் கொடுத்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டாள் உன் பேத்தி. கன்னமெல்லாம் வழிந்தது. நான் பூசணியை வேகவைத்து, முள் எடுத்த மீனைத் துளி சேர்த்து மசித்து, ஒரே ஒரு கரண்டி தேங்காய்ப்பாலை விட்டேன். விரல் நுனியில் எடுத்து உதட்டில் தடவினேன். முதலில் யோசித்தாள். நாக்கை நீட்டினாள். உள்ளே இழுத்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

தெராக்கா